பத்து நாற்பதுக்குச் செத்துப்போகும் கேமரா

கோவையில் அரசூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறை. அங்கே பித்தளை புஷ், அதாவது தண்டுகளைத் தாங்கும் சிறு குழல் வளையம், கடைந்து, கழுவி, பார்த்துப் பிரித்து அனுப்புகிறார்கள். பிரிக்கும் வேலையைக் கண்ணாடித் தட்டு மெஷின் ஒன்று செய்கிறது. தட்டு சுழலும், புஷ்கள் வரிசையாக அதன்மேல் ஏறி வரும். மேலே இருக்கும் கேமரா விட்டத்தைப் பார்க்கும், பக்கவாட்டில் இருப்பது பிசிரைப் பார்க்கும். நொடிக்குப் பத்து உருப்படி. ஒவ்வொன்றும் கடக்கும்போது சென்சார் ட்ரிக்கர், அதாவது "இப்போது எடு" என்ற சைகை, கொடுக்கும், கேமரா படம் எடுக்கும், கணினி முடிவு சொல்லும், காற்று வால்வு ஊதித் தள்ளும். நல்லது ஒரு பெட்டிக்கு, கெட்டது ஒரு பெட்டிக்கு, படம் கிடைக்காமல் போனது மறுபார்வைப் பெட்டிக்கு.

எனக்கு அழைப்பு வந்தபோது முதலாளி முடிவே எடுத்திருந்தார். "ரெண்டு கேமராவும் டூப்ளிகேட்டுங்க. வித்தவங்ககிட்டச் சொல்லி மாத்திக் குடுங்க." எப்படித் தெரியும் என்று கேட்டேன். விண்டோஸில் இருக்கும் கேமரா செயலியைத் திறந்து காட்டினார். கேமரா இல்லை என்றது திரை.

அந்தச் சோதனை செல்லாது என்று அவருக்குப் புரியவைக்கவே ஒரு டீ ஆனது. கடையில் வாங்கும் வெப்கேம் யுவிசி என்ற வகுப்பைச் சேர்ந்தது. அதற்கான டிரைவர், அதாவது சாதனத்தோடு கணினி பேச உதவும் மென்பொருள், விண்டோஸிலேயே இருக்கிறது, சொருகியதும் படம் வரும். தொழிற்சாலைக் கேமராக்களில் பெரும்பாலானவை அந்த வகுப்பில் வராது. 2013-இல் வெளிவந்த யுஎஸ்பி3 விஷன் என்ற தரத்தின்படி பேசும். எக்ஸ்போஷர் (ஒளி வாங்கும் நேரம்), கெயின் (படத்தின் பிரகாசத்தைக் கூட்டுவது), ட்ரிக்கர் எல்லாம் ஜெனிகேம் என்ற பொது மொழியில் அமைந்திருக்கும். இவற்றுக்குத் தயாரிப்பாளரின் டிரைவரும் அவர்களுடைய பார்வை மென்பொருளும் வேண்டும். விண்டோஸ் கேமரா செயலியில் வராமல் போனால் அது கேமராவின் குற்றம் இல்லை.

ஆனால் தயாரிப்பாளரின் பார்வை மென்பொருளிலும் பக்கக் கேமரா வரவில்லை. கணினியோடு இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். மேல் கேமரா தன் பெயரோடு ஒழுங்காக இருந்தது. பக்கக் கேமரா வேறொரு தயாரிப்பாளரின் பெயருக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. ஒரு வருடம் முன்னால் இன்னொரு கம்பெனிக்காரர் டெமோ காட்ட வந்து தன் மென்பொருளை நிறுவிவிட்டுப் போயிருக்கிறார். ஒரே தரத்தில் பேசும் கேமரா என்பதால் அவருடைய டிரைவரும் இதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ள முடியும். பிடித்துக்கொண்டது. "டிரைவரை மாற்று" என்பதைத் தேர்ந்தெடுத்து, தானாகத் தேட விடாமல் பட்டியலிலிருந்து நாமே தேர்கிறோம் என்று சொன்னால் இரண்டு டிரைவரும் வரிசையாகத் தெரியும். சரியானதைத் தேர்ந்ததும் படம் வந்துவிட்டது. பழைய டெமோ மென்பொருளையும் அகற்றினேன். அதோடு வேலை முடிந்தது என்று பில் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மறுபடியும் அழைப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமரா போகிறதாம். ஒரு நாளில் நாலு தடவை, ஐந்து தடவை.

நான் செய்த தப்பு

இரண்டு ஐந்து மெகாபிக்சல் கேமராவும் கணினியின் முன்பக்கத்து நீல போர்ட்டுகளில் சொருகியிருந்தன. பார்த்ததுமே தரவு நெரிசல் என்று முடிவுகட்டினேன். கூடுதல் போர்ட்டுகள் தரும் யுஎஸ்பி கார்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி கணினிக்குள் மாட்டி, கேமராக்களை அதற்கு மாற்றினேன். மறுநாளும் கேமரா போனது.

கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கார்டை அந்தக் காரணத்துக்காக வாங்கியிருக்க மாட்டேன். 2448 × 2048 பிக்சல், கருப்பு வெள்ளை, பிக்சலுக்கு 8 பிட். ஒரு படத்துக்கு 50 லட்சம் பைட், அதாவது 5 மெகாபைட். நொடிக்குப் பத்துப் படம் என்றால் 50 மெகாபைட், இரண்டு கேமராவுக்கும் சேர்த்து 100. யுஎஸ்பி 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட் என்று போட்டிருந்தாலும் குறியீட்டுச் செலவும் மற்றதும் போக 350 முதல் 400 மெகாபைட் நடைமுறையில் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. நெரிசல் எங்கே இருந்தது? என் மண்டையில்தான்.

இதே கேமராக்களை ட்ரிக்கர் இல்லாமல் நொடிக்கு 35 படம் என்று முழு வேகத்தில் ஓடவிட்டால் இரண்டுக்கும் 350 மெகாபைட் தேவைப்படும். அப்போது தனித்தனிக் கன்ட்ரோலர் (போர்ட்டின் தரவைக் கையாளும் சிப்) உள்ள கார்டு அவசியம். நாலு போர்ட் இருக்கும் கார்டெல்லாம் நாலு கன்ட்ரோலர் உள்ள கார்டு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒற்றைச் சிப்பை வைத்து நாலாகப் பிரித்துக் கொடுக்கும் கார்டுகள்தான் சந்தையில் அதிகம்.

அட்டைப்பெட்டியின் பின்பக்கம்

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பதினைந்து வருடமாக அங்கே இருக்கிறவர். கார்டு போட்டும் சரியாகாததைப் பார்த்து, நான் கேட்காமலேயே சொன்னார்:

"தம்பி, இது சும்மா சாகறதில்லீங்க. டீக்குப் போயிட்டு வந்தா செத்துக் கிடக்குதுங்க. அப்புறம் கம்ப்ரஸர் ஓடறப்ப ஒருக்கா டிங்டாங்குன்னு சத்தம் வருதுங்க, அப்பவும் போயிருது."

கேமரா என்றைக்குச் சாகிறது, எத்தனை மணிக்குச் சாகிறது என்று எழுதி வையுங்கள் அக்கா என்றேன். அடுத்த வாரம் போனபோது புஷ் அடைக்கும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அதில் சில வரிகள்:

திங்கள் 10.40 டீ. ரெண்டும் போச்சு.
திங்கள் 12.15 கம்ப்ரஸர். சைடு.
செவ்வாய் காலைல இருந்து மெல்ல ஓடுது, மறுபார்வை பெட்டி ரொம்புது. சைடு.
செவ்வாய் 10.45 டீ. ரெண்டும்.
செவ்வாய் 3.20 கம்ப்ரஸர். சைடு.
புதன் 1.30 சாப்பாடு. ரெண்டும்.

இதைவிட நல்ல பதிவேடு எனக்குக் கிடைத்ததில்லை. விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் இருந்த நேரங்களோடு ஒப்பிட்டபோது எல்லாமே ஏழு நிமிடம் தள்ளி இருந்தன. இணையம் இல்லாத கணினி, கடிகாரம் பின்தங்கிவிட்டது. ஏழைக் கூட்டியதும் வரிக்கு வரி பொருந்தியது.

நான் ஒரு நோய் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். அட்டையில் மூன்று நோய் இருந்தது.

டீ

இடைவேளையில் மெஷினை நிறுத்தினால் ஆய்வு மென்பொருள் சில நிமிடத்தில் கேமராவை மூடிவிடும்படி எழுதப்பட்டிருந்தது. யாரும் திறந்து வைத்திருக்காத யுஎஸ்பி சாதனம் சும்மா இருக்கிறது என்று கண்டால், மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸ் அதைத் தூங்க வைக்கும். செலக்டிவ் சஸ்பெண்ட் என்று பெயர். மவுஸ் என்றால் தொட்டதும் எழுந்துகொள்ளும். இந்தக் கேமரா எழவில்லை.

ஊகத்தோடு நிறுத்தாமல் நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. டிவைஸ் மேனேஜரில் கேமராவின் பண்புகளைத் திறந்து, விவரங்கள் தாவலில் "பவர் டேட்டா" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சாதனம் இப்போது எந்த மின்நிலையில் இருக்கிறது என்று தெரியும். டி0 என்றால் விழித்திருக்கிறது. மென்பொருளை மூடிவிட்டு அந்தச் சாளரத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் டி0 போய் டி2 ஆனது. மென்பொருளைத் திறந்தேன். கேமரா கிடைக்கவில்லை என்றது. டீ குடிக்காமலேயே டீ நேரத்துச் சாவை வரவழைத்தாயிற்று.

மாற்ற வேண்டிய இடம் ஒன்று இல்லை. பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை முடக்க வேண்டும். அதே பட்டியலில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டையும் அணைக்க வேண்டும், கார்டு அதில்தான் மாட்டியிருக்கிறது. பிறகு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பிலும் "மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தைக் கணினி அணைக்கலாம்" என்ற டிக்கை எடுக்க வேண்டும். கணினியே தூங்கப்போகும் நேரத்தை "ஒருபோதும் இல்லை" என்று வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஷட்டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்து பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. விண்டோஸ் தன் உட்கருவையும் டிரைவர்களின் நிலையையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு, காலையில் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தினமும் ராத்திரி அணைத்துவிட்டுத்தான் போகிறோம் என்று முதலாளி சொன்னது உண்மைதான், ஆனால் பல நாளாக அந்தக் கணினி ஒருமுறைகூடச் சரியாக முதலிலிருந்து தொடங்கவே இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தேன்.

கம்ப்ரஸர்

பக்கக் கேமரா போவதற்கு முன்னால் சேமித்த படங்களைத் தேடி எடுத்தேன். ஒரு படத்தில் புஷ்ஷின் மேல்பாதி தெளிவாக இருந்தது, கடைசல் வரிகள்கூட எண்ணலாம். நடுவில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு நேர்க்கோடு. அதற்குக் கீழே வெறும் கருப்பு. சென்சார் பழுது என்றால் இப்படி வராது. பாதிப் படம் வந்து சேர்ந்தது, மீதி வழியில் தொலைந்தது என்று அர்த்தம்.

வழியைப் பார்த்தேன். கணினி அலுவலக மேசையில் இருந்தது. மேல் கேமராவின் கேபிள் தரையோடு தனியாக வந்தது. பக்கக் கேமராவுக்கு மூன்று மீட்டர் கேபிள், பேனல் சுவரில் ஒரு இணைப்பான், அதன்பிறகு இரண்டு மீட்டர் எக்ஸ்டென்ஷன். மொத்தம் ஐந்து மீட்டரும் கம்ப்ரஸர் மோட்டாருக்குப் போகும் மூன்று பேஸ் கேபிளோடு ஒரே ட்ரேயில், பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, அழகாக. வயரிங் செய்தவர் சுத்தமான வேலைக்காரர். அந்தச் சுத்தம்தான் வினை. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான கான்டாக்டர் விழும்போதும் மோட்டார் கிளம்பும்போதும் அந்தக் கேபிளில் எழும் துடிப்பு பக்கத்தில் கட்டிய யுஎஸ்பி கேபிளுக்குள் இறங்கிவிடும்.

என் மடிக்கணினியில் டிரைவர் போட்டு, புதிதாக வாங்கிய மூன்று மீட்டர் கேபிளைக் காற்றில் தொங்கவிட்டுக் கேமராவோடு இணைத்தேன். அக்கா கம்ப்ரஸரைப் பத்துத் தடவை போட்டு நிறுத்தினார். ஒரு படமும் அறுபடவில்லை. அதே மடிக்கணினியை ட்ரேயில் கிடந்த பழைய கேபிளில் சொருகினேன். மூன்றாவது தடவை மோட்டார் கிளம்பியபோது டிங்டாங், யுஎஸ்பி சாதனம் கழன்றாலும் சேர்ந்தாலும் விண்டோஸ் எழுப்பும் சத்தம்.

"நாஞ்சொன்னனில்லீங்க" என்றார் அக்கா.

கணினியை அலுவலக மேசையிலிருந்து எடுத்து மெஷின் பக்கத்திலேயே ஒரு பெட்டிக்குள் வைத்தோம். இரண்டு கேமராவுக்கும் நடுவில் எந்த இணைப்பும் இல்லாத மூன்று மீட்டர் ஷீல்டு கேபிள், கேமரா முனையில் திருகு போட்டு இறுக்கும் வகை. பவர் கேபிள் ட்ரேயைக் குறுக்கே கடக்க வேண்டிய ஒரே இடத்தில் செங்குத்தாகக் கடந்தது. கேமராவின் உடலுக்கும் மெஷின் சட்டத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் போட்டு, எர்த்து இரண்டு வழியில் சுற்றாமல் பார்த்துக்கொண்டேன். அந்த வாஷர் எவ்வளவு உதவியது என்று என்னால் சொல்ல முடியாது. கேபிளை மாற்றிய அதே மத்தியானம் அதையும் செய்துவிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கிறவன் நான்.

மூன்று மீட்டருக்கு மேல் போக வேண்டுமே என்பவர்களுக்கு: நல்ல கேபிளில் ஐந்து மீட்டர்வரை ஓட்டியிருக்கிறேன், நிம்மதியாக இல்லை. அதற்கு மேல் போகும் இடத்தில் யுஎஸ்பியோடு மல்லுக்கட்டாமல் ஈதர்நெட் கேமரா வாங்கிவிடுங்கள். நூறு மீட்டர்வரை பிரச்சினை இல்லை.

மெல்ல ஓடும் காலை

அட்டையில் எனக்கு மிகவும் பிடித்த வரி "மெல்ல ஓடுது, மறுபார்வை பெட்டி ரொம்புது". கேமரா சாகவில்லை, படமும் நன்றாக இருக்கிறது. ஆனால் பத்துப் புஷ்ஷில் இரண்டு மூன்று படம் எடுக்கப்படாமல் கடந்து போகின்றன.

யுஎஸ்பி 3.0 கேபிளுக்குள் இரண்டு தனி உலகம் இருக்கிறது. பழைய 2.0-வின் கம்பிகள் அப்படியே இருக்கும். அதிவேகத்துக்கு வேறு கம்பி ஜோடிகள் தனியாக ஓடும். அதிவேக ஜோடி கைகுலுக்க முடியாமல் போனால் சாதனம் பேசாமல் பழைய கம்பிக்கு இறங்கிவிடும். 5 ஜிகாபிட் இருந்த இடத்தில் 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 38 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மெகாபைட் படம் ஏழு, எட்டுதான் போகும். வரும் புஷ்ஷோ பத்து. மீதி இரண்டு மூன்று மறுபார்வைப் பெட்டிக்கு. அக்காவின் வரிக்கும் இந்தக் கணக்குக்கும் இம்மி வித்தியாசம் இல்லை.

இறங்கக் காரணம் அந்த ஐந்து மீட்டரும் நடுவில் இருந்த இணைப்பும் என்பது புதுக் கேபிள் போட்டதும் தெரிந்துவிட்டது. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு, யாரும் எளிதில் நம்பாத காரணம். கணினிப் பக்கத்துச் சொருகியில் பழைய நாலு தொடுமுனையும் முதலில் தொடும், அதிவேக முனைகள் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கின்றன. தயங்கித் தயங்கி மெதுவாகச் சொருகினால், முதலில் தொட்ட பழைய முனையோடு கணினி பேச்சை முடித்துவிடும். அதன்பின் முழுதாக அழுத்தினாலும் சில சமயம் 480-லேயே நின்றுவிடும். ஆகவே ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கேட்பவர்கள் சிரிப்பார்கள், செய்து பார்த்தபின் சிரிக்க மாட்டார்கள்.

ஆய்வு மென்பொருளைக் கொஞ்சம் மாற்றி, திரையின் மூலையில் ஒவ்வொரு கேமராவின் இணைப்பு வேகத்தையும் பெரிய எழுத்தில் காட்ட வைத்தேன். 5000 என்றால் பச்சை, 480 என்றால் சிவப்பு. கேமராவே இந்த எண்ணைச் சொல்லும், கேட்டு வாங்கிக் காட்ட வேண்டியதுதான்.

மேல் கேமராவில் புஷ் நடுவில்தான் தெரிகிறது, ஓரங்கள் வீண். 1600 × 1600 என்று வெட்டிவிட்டேன். படம் பாதி எடைக்கு வந்தது. பக்கக் கேமராவில் அப்படி வெட்ட முடியவில்லை, உயரமான புஷ் ஓடும் நாளில் முழுச் சட்டமும் வேண்டும். 12 பிட் வைத்தால் பிசிர் நன்றாகத் தெரியுமே என்று முதலாளி கேட்டார். அப்படியே அனுப்பினால் பிக்சலுக்கு இரண்டு பைட் ஆகி எடை இரட்டிக்கும். பிசிர் தெரிய பிட் வேண்டாம், விளக்கைத் தாழ்வான கோணத்தில் வைத்தால் போதும் என்று வைத்துக் காட்டினேன்.

வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்திப் போகிறது என்றும் ஒரு புகார் இருந்தது. மவுஸின் குட்டி ரிசீவர் கேமரா கேபிளுக்கு ஒட்டிய போர்ட்டில் இருந்தது. யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளம்பும், இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. வயர் மவுஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள்.

பிறகு சோதனை. இரண்டு ஷிஃப்ட் முழுக்க ஓடவிட்டு, ட்ரிக்கர் எண்ணிக்கையையும் வந்து சேர்ந்த படங்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நடுவில் வேண்டுமென்றே அரை மணி நேரம் மெஷினை நிறுத்தினோம். கம்ப்ரஸரை அக்கா தன் திருப்திக்குப் போட்டுப் போட்டு நிறுத்தினார். இரண்டு எண்ணும் கடைசிவரை ஒன்றாகவே இருந்தன. நெரிசலுக்காக என்று நான் வாங்க வைத்த கார்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால் அதிலேயே கேமராக்களை விட்டுவைத்தேன். பின்பக்கத்து போர்ட், முன்பக்கத்து நீள வயர் நடுவில் இல்லை, அந்த அளவில் லாபம்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அக்காவே போன் செய்தார்.

"தம்பி, மறுபார்வை பெட்டி மறுபடி ரொம்புதுங்க."

"மூலைல என்ன நம்பர் காட்டுதுங்க அக்கா?"

"மேல அஞ்சாயிரம். சைடுக்கு நானூத்தி எம்பது, செவப்பா."

"ராத்திரி ஷிஃப்ட்ல யாராவது வயரக் கழட்டினாங்களா?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் யாரையோ அதட்டுவது கேட்டது. பையன் ஒருவன் பக்கக் கேமராவின் வயரைப் பிடுங்கிவிட்டு அங்கே செல்போனை சார்ஜ் போட்டிருக்கிறான். காலையில் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்து, மெதுவாக, பக்குவமாகத் திரும்பச் சொருகி வைத்திருக்கிறான்.

"மெஷின நிறுத்திட்டு, பிடுங்கி ஒரே அழுத்தா அழுத்துங்க அக்கா."

"இருங்க." டிங்டாங். மறுபடி டிங்டாங். "பச்சையாயிருச்சுங்க தம்பி. வெச்சுடறேன், உருப்படி நிக்குது."